பண்டைய அரசியல் தத்துவம் பேப்பர் எடுத்துட்டேன், இருக்கவா ஓடவா?

தேனிக்காரி_டில்லியில்

வணக்கம் மக்களே. எம்.ஏ. பொலிடிகல் சயின்ஸ் முதல் செமஸ்டர், டில்லி விஜய் நகர்ல பிஜி விடுதில இருக்கேன். பி.ஏ. வரலாறு ஊர்ப்பக்கமே தமிழ் மீடியம்ல முடிச்சவ. எலக்டிவ் லிஸ்ட்ல பண்டைய அரசியல் தத்துவம்னு ஒண்ணு இருந்துச்சா, சரி பழைய கதைதானே, வரலாறு படிச்ச நமக்கு என்ன கஷ்டம்னு டிக் அடிச்சுட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. வாரம் ஒரு பக்கம் ரெஸ்பான்ஸ் பேப்பர் எழுதணும், டுடோரியல்ல பேசணும், பேசுறதுக்கு மார்க் வேற தனியா.

முதல் ரீடிங் பிளேட்டோவோட ரிபப்ளிக், மொத்தம் பத்துப் புத்தகத்துல (அத்தியாயம் மாதிரிதான்) முதலாவது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு உக்காந்து படிச்சேன். சாக்ரடீஸ் ஒவ்வொருத்தரையா கேள்வி கேட்டே மடக்குறாரு, மடக்கிட்டு கடைசில எனக்கும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லி முடிச்சுடுறாரு! இதுக்காய்யா நான் தூங்காம கெடந்தேன்னு ஆயிருச்சு. அதுல த்ராசிமாக்கஸ்னு ஒரு ஆளு வந்து, நீதிங்கறது வலுத்தவனுக்கு எது லாபமோ அது, வேற ஒண்ணும் கெடையாதுன்னு அடிச்சுச் சொல்றாரு. உண்மையச் சொல்றேன், எனக்கு அந்தாளு சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. வாய்க்கா தண்ணி யாரு வயலுக்கு மொதல்ல போகுது, யாரு வயலுக்குக் கடைசில போகுதுன்னு பாத்து வளந்தவ நான். ஆனா அத கிளாஸ்ல சொல்ல வாய் வரல. சுத்தி உக்காந்திருக்கவங்க இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறாங்க, நான் மனசுக்குள்ள ஒரு வாக்கியத்த கட்டி முடிக்கறதுக்குள்ள பேச்சு அடுத்த பக்கத்துக்குப் போயிருது.

பேப்பர் மாத்த இன்னும் ஆறு நாள் இருக்கு. பக்கத்து ரூம் பொண்ணு இந்திய அரசியல் அமைப்புக்கு மாறிடு, நோட்ஸ் எல்லாம் ரெடியா கெடைக்கும்ங்கறா. இந்த மாதிரி பேப்பர் எடுத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இருக்கவா ஓடவா?

முனிர்கா_மூணாவது_மாடி

தங்கச்சி, நான் நாலு வருஷம் முன்னாடி எடுத்தேன். வேற யுனிவர்சிட்டி, ஆனா ரீடிங் லிஸ்ட் கிட்டத்தட்ட இதேதான், இந்த லிஸ்ட்ட உலகத்துல யாரும் பெருசா மாத்தறதில்ல போல. நான் மெட்ராஸ், இங்கிலீஷ் மீடியம், அப்படியும் முதல் மாசம் உன்ன மாதிரியே முழிச்சிட்டுதான் உக்காந்திருந்தேன். அதனால இது இங்கிலீஷ் பிரச்சனை மட்டும்னு நினைக்காத.

மொதல்ல ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தரமாட்டாங்க, எனக்கு பாதி செமஸ்டர் போனப்பறம்தான் தெரிஞ்சுது. பக்கத்தோட ஓரத்துல 327, 328னு நம்பரும் அதுக்குப் பக்கத்துல ஏ, பி, சின்னு எழுத்தும் இருக்கு பாரு, அது ஸ்டெஃபானஸ் நம்பர். 1578ல அச்சான ஒரு பிளேட்டோ பதிப்போட பக்க எண். எந்த மொழிபெயர்ப்பு வச்சிருந்தாலும் அந்த நம்பர் மாறாது. கிளாஸ்ல எல்லாரும் 'ஃபைவ் ஃபோர்ட்டீன்'னு சொன்னா அது குகைக் கதை ஆரம்பிக்கிற இடம். நான் ரெண்டு மாசமா 514வது பக்கத்தத் தேடிட்டு இருந்தேன், என் புக்கே 300 பக்கம்தான். இன்டர்நெட்ல ஃப்ரீயா கிடைக்கிற ஜோவெட் மொழிபெயர்ப்பு பத்தொம்பதாம் நூற்றாண்டு இங்கிலீஷ், அதப் படிச்சுட்டு எனக்கு இங்கிலீஷ் வரலன்னு அழாத, இந்தக் காலத்து இங்கிலீஷ்காரனுக்கே அது சட்டுனு வராது. க்ரூப்ங்கறவர் மொழிபெயர்த்து, ரீவ்ங்கறவர் திருத்துன 1992 பதிப்பு லைப்ரரில இருக்கும், அதப் படி, பாதி பாரம் இறங்கிடும்.

இன்னொண்ணு, ஜஸ்டிஸ்னு படிச்சவுடனே நம்ம மண்டைல கோர்ட்டு, ஜட்ஜு, வக்கீலுதான் வருது. கிரேக்கத்துல அந்த வார்த்தை டிகாயோசூனே, அது கோர்ட்டோட நிக்கிற வார்த்தை இல்ல, மனுஷன் ஒழுங்கா நடந்துக்கறது மொத்தமும் அதுக்குள்ள வருது. நான் நோட்ல எல்லா இடத்துலயும் ஜஸ்டிஸ்ங்கறத அடிச்சுட்டு 'அறம்'னு எழுதிப் படிச்சேன். நூத்துக்கு நூறு பொருந்தாதுதான், ஆனா நீதின்னு படிச்சதுக்கும் அறம்னு படிச்சதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். முதல் புத்தகத்துல வர்ற கிழவர் செஃபலஸ் சொல்றத இப்படி வச்சுப் பாரு, 'பொய் சொல்லாத, வாங்குனதத் திருப்பிக் குடு, அதான் அறம்'. நம்ம தாத்தா திண்ணைல உக்காந்து சொல்ற மாதிரியே இல்ல? உடனே சாக்ரடீஸ், ஃப்ரெண்டு கிட்ட ஆயுதம் கடன் வாங்கினே, இப்ப அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, திரும்பக் கேக்கறான், குடுப்பியாங்கறாரு. தாத்தா நைஸா பூஜை இருக்குன்னு எழுந்து போயிடறாரு, மகன் மாட்டிக்கறான். எனக்கு அந்த சீன் படிச்சப்பதான் இது பாடம் இல்ல, நாடகம்னு புரிஞ்சுது.

அப்பறம் உலோகக் கதை வரும், மூணாவது புத்தகத்துல, 414, 415. மனுஷனப் படைக்கும்போது கடவுள் ஆளறவனுக்குத் தங்கம், காவல்காரனுக்கு வெள்ளி, உழவனுக்கும் கைத்தொழில் பண்றவனுக்கும் இரும்பும் வெண்கலமும் கலந்துட்டாருன்னு ஒரு பொய்ய ஊருக்கே சொல்லி வளக்கணுமாம். படிச்சவுடனே எனக்கு சுர்ருன்னுச்சு. இது எங்கியோ கேட்ட கதை ஆச்சேன்னு. டுடோரியல்ல மொத தடவை வாயத் தொறந்ததே அதுக்குத்தான், இது வர்ணம்தானேன்னு கேட்டேன். சார் ஒண்ணும் சொல்லல, அடுத்த பத்தியப் படின்னாரு. அதுல தங்கத்துக்கு வெண்கலம் பொறந்தா இரக்கம் பாக்காம கீழ அனுப்பணும், வெண்கலத்துக்குத் தங்கம் பொறந்தா மேல ஏத்தணும்னு இருக்கு. சரி அப்ப பொறப்பு இல்லன்னு நான் உக்காரப் போனேன், விடல, 'அவ்ளோதானா? அம்பேத்கர் என்ன சொல்றார் பாத்தியா?'ன்னாரு. போய்த் தேடினா, அவரோட 'சாதி ஒழிப்பு'ல, 1936ல லாகூர்ல பேச விடாம அழைப்ப வாபஸ் வாங்குனாங்களே, அவரே காசு போட்டு அச்சடிச்ச அந்த உரைதான், அதுல நேரா பிளேட்டோ பேரச் சொல்லியே அடிச்சிருக்காரு. மனுஷங்கள மூணே மூணு டப்பாக்குள்ள அடைக்க முடியும்னு நினைச்சதுதான் அந்தாளு தப்பு, ஒவ்வொருத்தனும் தனி ரகம்னு அவருக்குத் தெரியலன்னு. அதாவது மேல கீழ மாத்திக்கலாம்னு ஒரு கதவு வச்சுட்டா டப்பா சரியாயிடுமாங்கறதுதான் கேள்வி. அதுதான் என் டெர்ம் பேப்பர் ஆச்சு.

வாய்க்கா தண்ணிய கிளாஸ்ல சொல்லு. அதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

பழைய_ராஜிந்தர்நகர்வாசி

ஓடிடுங்க சிஸ்டர். உணர்ச்சிவசப்படாம சொல்றேன்.

நான் யுபிஎஸ்சிக்கு பொலிடிகல் சயின்ஸ் ஆப்ஷனல், மூணு அட்டெம்ப்ட். ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 250 மார்க். முதல் பேப்பர்ல பிளேட்டோ, அரிஸ்டாட்டில்ல ஆரம்பிச்சு ஹன்னா அரென்ட் வரைக்கும் மேற்கத்திய ஆளுங்க ஒரு வரி, தர்மசாஸ்திரம், அர்த்தசாஸ்திரம், பௌத்தம்னு நம்ம பக்கம் ஒரு வரி. இவ்ளோ பெரிய சிலபஸ்ல பிளேட்டோவுக்கு ரெண்டு பக்க நோட்ஸ் போதும். நீதிக் கோட்பாடு, தத்துவ அரசன், ஆளறவங்களுக்கும் காவல்காரங்களுக்கும் சொந்தச் சொத்து கூடாதுங்கற கம்யூனிசம், இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி பாப்பரோட விமர்சனம், முடிஞ்சுது. ரிபப்ளிக்க முழுசாப் படிச்சவன் யாரும் ரூம்ல கிடையாது, பாஸ் பண்ணவன் உண்டு. நீங்க ஒரு செமஸ்டர் முழுக்க அந்த ஒருத்தரோட குடித்தனம் பண்ணப் போறீங்களா?

முனிர்கா_மூணாவது_மாடி

ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ரெண்டு பக்க நோட்ஸ்ல த்ராசிமாக்கஸ் இருக்காரா?

பழைய_ராஜிந்தர்நகர்வாசி

ஒரு வரி இருக்கு. 'சோஃபிஸ்ட் (காசு வாங்கிப் பேச்சுக்கலை சொல்லிக் குடுக்கற வாத்தியார்), வலிமையே நீதி, சாக்ரடீஸ் மறுத்தார்.'

எப்படி மறுத்தார்னு கேட்டா தெரியாது, அத ஒத்துக்கறேன். போன தடவை மெயின்ஸ் எழுதிட்டு வந்து பாத்தா நான் எழுதுன பதிலும் என் ரூம்மேட் எழுதுன பதிலும் கமா வரைக்கும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே கோச்சிங் நோட்ஸ். திருத்துறவருக்கு எத்தன தடவை அதே பத்திய படிச்சிருப்பாரோ பாவம். மார்க்கும் அந்த அழகுலதான் வந்துச்சு. இருந்தாலும் தங்கச்சிக்கு எக்ஸாம்தான் குறின்னா நான் சொன்னதுல மாத்தமில்ல.

ரிட்டயர்டு_ஆர்கேபுரம்

நான் பேசலாமா தெரியவில்லை, மாணவன் என்று சொன்னால் பேரன் சிரிப்பான். மத்திய அரசு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளிவிட்டு, ரிட்டயர் ஆனபிறகு 61 வயதில் தபால் வழியில் எம்.ஏ. சேர்ந்தவன். பூர்வீகம் தஞ்சாவூர் பக்கம். என் ஸ்டடி சென்டரில் என்னைத் தவிர எல்லோருக்கும் என் பிள்ளை வயது கூட இல்லை, முதல் நாள் என்னை லெக்சரர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

அம்மா, உன் பேப்பரில் கிரீஸ் மட்டும்தானா, நம்முடையதும் உண்டா என்று பார். எங்களுக்கு அர்த்தசாஸ்திரம் இருந்தது. அதை நான் பரீட்சைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ராஜ்யத்துக்கு ஏழு அங்கம் என்று கௌடில்யர் சொல்கிறார்: அரசன், அமைச்சன், நாடும் குடிகளும், கோட்டை, கஜானா, தண்டம் அதாவது படை, நட்பு நாடு. இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு மெட்ரோவில் போகும்போது திடீரென்று மண்டையில் மணி அடித்தது. 'படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு.' ஆறும், அதை உடைய அரசனும் சேர்த்தால் ஏழு! பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்த குறள், ஐம்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டு ராஜீவ் சௌக் ஸ்டேஷன் கூட்டத்தில் வந்து நிற்கிறது. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று சண்டைக்குப் போகவேண்டாம், ஒரே சொல்லை இரண்டு பேர் எங்கே வேறாக வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அதுவே இரண்டு வாரத்துக்கு வேலை.

இன்னொரு சந்தோஷமும் சொல்லிவிடுகிறேன். அந்த அர்த்தசாஸ்திரம் ரொம்ப காலம் பெயரளவில்தான் தெரிந்திருந்தது. மைசூர் ஓரியண்டல் லைப்ரரியில் தஞ்சாவூர் ஜில்லா பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டுப் பிரதியிலிருந்துதான் சாமாசாஸ்திரி 1909ல் பதிப்பித்தார், 1915ல் இங்கிலீஷ். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்ததை நான் டில்லிக்கு வந்து பீஸ் கட்டிப் படித்திருக்கிறேன்.

நீ விஜய் நகரில்தானே இருக்கிறாய். ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள், ரிட்ஜ் குன்றின் மேலே ஹிந்து ராவ் ஆஸ்பத்திரி பக்கம் நடந்து போ. அசோகன் தூண் ஒன்று நிற்கும். மீரட்டிலிருந்து ஃபிரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்தது, பிறகு வெடிமருந்து விபத்தில் ஐந்து துண்டாகி, 1867ல் மறுபடி சேர்த்து நிறுத்தியது. ஒட்டு தெரியும். அரசன் குடிகளிடம் நேரே பேசின கல் அது. கீழே பெஞ்சில் குரங்குத் தொல்லை உண்டு, பிஸ்கட் கொண்டு போகாதே.

குடவோலை_நினைவு

தாத்தா பதிவுக்கு ஒரு கும்பிடு.

நான் அரிஸ்டாட்டில் பக்கம். பிளேட்டோ படிக்கும்போது யாரோ நம்மள மடக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும், அரிஸ்டாட்டில் அப்படி இல்ல, ரொம்ப வறட்சி, லிஸ்ட் போட்டுட்டே போவாரு, தூக்கம் வரும், ஆனா நடுவுல திடீர்னு ஒண்ணு சொல்லுவாரு பாருங்க. அவரோட பாலிடிக்ஸ்ங்கற நூல்ல, மூணாவது புத்தகத்துல, ஒருத்தர் செலவுல போடற விருந்தவிட ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்ற விருந்து நல்லாருக்கும், அதுமாதிரி பல பேர் சேந்து முடிவெடுத்தா ஒரு பெரிய ஆள் எடுக்கறதவிட நல்லா வரலாம்ங்கறாரு. எங்க ஹாஸ்டல்ல பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரச் சொன்னோம், பதினோரு பேர் வடை கொண்டு வந்தாங்க. அத வச்சு ரெஸ்பான்ஸ் பேப்பர் எழுதினேன், பல பேர் கூடினா மட்டும் போதாது, பல மாதிரி ஆளுங்க கூடணும்னு. அந்த செமஸ்டர்லயே எனக்கு அதிக மார்க் வந்த ரெஸ்பான்ஸ் அதுதான், சிரிக்காதீங்க.

நாலாவது புத்தகத்துல இன்னொரு இடம். சீட்டுக் குலுக்கி ஆளெடுத்தா அது ஜனநாயகம், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தா அது சிலரோட ஆட்சிங்கறாரு. நான் மூணு தடவை திரும்பப் படிச்சேன், அச்சுப் பிழையோன்னு. ஏன்னா ஓட்டுன்னா நம்மூர்ல ஜனநாயகம்தானே. அவங்க ஏதென்ஸ்ல 500 பேர் கவுன்சில குலுக்கல்லதான் எடுத்தாங்க, முப்பது வயசு ஆகியிருக்கணும், வாழ்க்கைல ரெண்டு தடவைக்கு மேல உக்கார முடியாது. எலக்‌ஷன்னா பேரு, பணம், பேச்சு இருக்கறவன்தான் ஜெயிப்பான், குலுக்கல்ல அந்த வேலை நடக்காதுங்கறது கணக்கு. இத எழுதும்போதுதான் உத்திரமேரூர் ஞாபகம் வந்துச்சு. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. முப்பது குடும்பு, அதாவது வார்டு மாதிரி, ஓலைல பேர் எழுதி குடத்துல போட்டு ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்றது. 921 கல்வெட்டுல முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்குள்ள, கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நில அளவு) மேல நிலம், சொந்த மனைல வீடு. பதவில இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரனும் நிக்கக்கூடாது! ஏதென்ஸ்லயும் பதவி முடிஞ்சா கணக்கு காட்டியே ஆகணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இருபது பக்கம் எழுதினேன், பெருமையாக் கொண்டு போய்க் குடுத்தேன்.

மேடம் ஓரத்துல ஒரே வரி எழுதித் திருப்பிக் குடுத்தாங்க: 'குடத்துக்குள்ள யார் பேர் இல்ல?' அவ்ளோதான். உத்திரமேரூர் பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக் குடுத்த ஊர், அந்தச் சபை பிராமணச் சபை, நிலம் உள்ளவங்க மட்டும். ஏதென்ஸ்ல பொம்பளைங்க இல்ல, அடிமைங்க இல்ல, வெளியூர்லேர்ந்து வந்து குடியிருக்கறவங்க இல்ல. அரிஸ்டாட்டிலே ஸ்டாகிராங்கற வேற ஊர்லேர்ந்து வந்தவரு, ஏதென்ஸ்ல அவருக்கே குடத்துல பேர் கிடையாது. மொத பத்து பக்கத்தக் கிழிச்சுப் போட்டு திரும்ப எழுதினேன். இப்பவும் ஊர்ல யாராச்சும் உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் குடுத்தோம்னு ஃபார்வர்டு அனுப்பினா கை பரபரன்னு வரும், கல்யாணத்துல சண்டை வேண்டாம்னு விட்டுடறது.

இயற்கையிலேயே சில பேர் அடிமைன்னு அரிஸ்டாட்டில் பாலிடிக்ஸ் முதல் புத்தகத்துல சொல்லுவாரு. அந்த வாரம் கிளாஸ் போக மனசே வராது, ஆனா போங்க. எங்க கிளாஸ்ல அந்த வாரம்தான் நாங்க ஒருத்தரோட ஒருத்தர் உண்மையாப் பேசினோம்.

தேனிக்காரி_டில்லியில்

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து டுடோரியல் போனேன், பேசிட்டேன்!

பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி, நடுவுல ஒரு எடத்துல 'மடை'ன்னு தமிழ்லயே வந்துருச்சு, யாரும் சிரிக்கல. த்ராசிமாக்கஸ் சொல்றது சரி, எங்க ஊர்ல மேல்மடைக்காரருக்கு ஆள்பலம் இருந்துச்சு, அவரு வச்சதுதான் தண்ணி முறை, அதத்தான் எல்லாரும் நியாயம்னு சொன்னாங்கன்னேன். மேடம் உடனே, 'அவர் வச்ச முறை எப்பவும் அவருக்கு லாபமாவே இருந்துச்சா?'ன்னு கேட்டாங்க. நான் யோசிச்சேன். இல்ல. ஒரு வருஷம் கடைமடைக்கு சுத்தமா விடாம அடைச்சாரு, அங்க நட்ட நெல்லு காஞ்சுருச்சு, அடுத்த வருஷம் வாய்க்கா தூர் வார ஒரு ஆளு மம்பட்டி எடுத்துட்டு வரல. தூர் வாராத வாய்க்கால்ல அவரு வயலுக்கும் தண்ணி ஏறல. இதச் சொன்னேன். மேடம் 339ப் பாருன்னாங்க. பாத்தா, ஆளறவன் தன் லாபம் எதுன்னு தப்புக் கணக்குப் போட்டு சட்டம் போட்டா, அதுக்குக் கீழ்ப்படியறது அவனுக்கே நட்டம் ஆயிருதேன்னு சாக்ரடீஸ் கேக்கறாரு. நான் ரெண்டு மணி ராத்திரில அந்தப் பக்கத்த கலர் பென்சில்ல கோடு வேற போட்டிருக்கேன், ஒண்ணும் புரியாமலே போட்ட கோடு!

ஆனா இன்னும் முழுசா ஒத்துக்கல. மேல்மடைக்காரரு கெட்டிக்காரரா இருந்து சரியாக் கணக்குப் போட்டிருந்தா? அப்ப அவரு செஞ்சது நியாயமாயிருமா? இதயும் கேட்டேன், மணி அடிச்சுருச்சு. அடுத்த வாரம் கண்ணுக்குத் தெரியாம ஆக்குற மோதிரக் கதை இருக்கு, ரெண்டாவது புத்தகம், கைஜீஸ்னு பேரு, அதுல உன் கேள்வி திரும்ப வரும்னாங்க.

பேப்பர் மாத்தல. ராஜிந்தர் நகர் அண்ணா, கோச்சுக்காதீங்க. உங்க ரெண்டு பக்க நோட்ஸ அனுப்பறீங்களா, எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரிக்கு ஆகும்ல.

ஒரு சந்தேகம், இருபது ரீடிங்ஸ் மொத்தமா ஜெராக்ஸ் எடுக்கலாமா, சட்டப்படி தப்பில்லையா? பிஜி அக்கா பயமுறுத்துறாங்க.

பழைய_ராஜிந்தர்நகர்வாசி

எடுங்க. 2016லயே டில்லி ஹைகோர்ட் பாடத்துக்கான கோர்ஸ் பேக் ஜெராக்ஸ் தப்பில்லன்னு தீர்ப்பு குடுத்தாச்சு, பெரிய பெரிய பப்ளிஷர்ஸ் போட்ட கேஸ் அது. கரன்ட் அஃபேர்ஸ் படிச்சதுக்கு இன்னிக்குதான் ஒரு உபயோகம்.

நோட்ஸ் ஸ்கேன் பண்ணி அனுப்பறேன். மோதிரக் கதை என் நோட்ஸ்ல இல்ல, நடந்தத இங்க எழுதுங்க.

முனிர்கா_மூணாவது_மாடி

பட்டேல் செஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைங்க வரிசையா இருக்கு, ரெண்டு கடைல விலை கேட்டுட்டு எடு. ஸ்பைரல் போட்டுடு, லூஸ் பேப்பர் இந்த மழைல தாங்காது. ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பக்கம் வரேன், என் பழைய க்ரூப் காப்பி பரண்ல கிடக்கு, ஓரமெல்லாம் தமிழ்ல கிறுக்கியிருப்பேன், பரவால்லன்னா எடுத்துட்டு வரேன்.

ரிட்டயர்டு_ஆர்கேபுரம்

ஞாயிறு என்றால் தூணையும் பார்த்துவிடலாமே. நானும் வருகிறேன், முட்டி வலி, மெதுவாகத்தான் ஏறுவேன்.